ஆறு துளை, 450 நியூட்டன்: சிறிய ஹைப்ரிட் மோட்டாரின் உந்துவிசையைக் கணக்குப் போட்டது

நைட்ரஸ் ஆக்சைடும் (எரிய ஆக்சிஜன் தரும் திரவம், அதாவது ஆக்சிடைசர்) பாரஃபின் மெழுகும் (திட எரிபொருள்) வைத்து ஓடும் சின்ன ஹைப்ரிட் ராக்கெட் மோட்டார் இது. பறக்கவிட அல்ல, இப்போதைக்குத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்க மட்டும். எரிப்பதற்கு முன்பே உந்துவிசை எவ்வளவு வரும் என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் சோதனை மேடைக்கு எவ்வளவு கனமான இரும்பு, லோட் செல் (விசையை அளக்கும் உணரி) எத்தனை கிலோ தாங்க வேண்டும், எரிகலனின் சுவர் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கிறது. சூத்திரங்களை அப்படியே எடுத்துப் போட்டால் 725 நியூட்டன் வருகிறது. அழுத்தங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்தால் 620. நைட்ரஸின் குணத்தையும் எரிப்பில் வரும் இழப்பையும் சேர்த்தால் 450. மேடையில் வந்தது 425. இந்த நான்கு எண்களுக்கு நடுவில் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரஸை எரிகலனுக்குள் விடும் தட்டான இன்ஜெக்டரில் 1.2 மி.மீ. துளை ஆறு. மெழுகுக் கிரெய்ன் (நடுவில் துளையிட்ட எரிபொருள் உருளை) 140 மி.மீ. நீளம், வெளிவிட்டம் 54, நடுத்துளை 30. வாயு வெளியேறும் கிராஃபைட் நாசில், அதன் மிகக் குறுகிய இடமான கழுத்து 13 மி.மீ., விரியும் கூம்பின் அரைக்கோணம் 15 டிகிரி. டாங்கில் ஒரு கிலோ நைட்ரஸ், 20 டிகிரி செல்சியஸில்.

உந்துவிசைக்கு எல்லாரும் எழுதுகிற சூத்திரம் இது:

உந்துவிசை = உந்துவிசைக் குணகம் × எரிகலன் அழுத்தம் × கழுத்துப் பரப்பு

எரிகலன் அழுத்தத்துக்கு இன்னொன்று:

எரிகலன் அழுத்தம் = மொத்த நிறை ஓட்டம் × சி-ஸ்டார் ÷ கழுத்துப் பரப்பு

சி-ஸ்டார் என்பது எரிப்பு எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதற்கான அளவு, மீட்டர்/வினாடியில் வரும். இப்போது இரண்டாவதைத் தூக்கி முதலாவதில் போட்டுப் பாருங்கள், கழுத்துப் பரப்பு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது உந்துவிசைக் குணகம், சி-ஸ்டார், நிறை ஓட்டம், இந்த மூன்றின் பெருக்கல் மட்டும்தான். கழுத்தைப் பெரிதாக்கினால் உந்துவிசை கூடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கழுத்து தீர்மானிப்பது அழுத்தத்தை. உந்துவிசையைத் தீர்மானிப்பது வினாடிக்கு எத்தனை கிராம் வெளியே போகிறது என்பதுதான்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் பெரிதாக ஏமாற்றாது. உந்துவிசைக் குணகம் (நாசில் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான எண்) 24.5 பார் எரிகலன் அழுத்தத்துக்கும் (கணக்கு கடைசியில் வந்து நிற்கும் அழுத்தம்) கடல்மட்டத்துக்கும் சரியாக விரியும் நாசிலுக்கு, வாயுவின் தன்வெப்ப விகிதம் 1.25 என்று வைத்தால், 1.43 வருகிறது. 15 டிகிரி கூம்பில் வாயு கொஞ்சம் பக்கவாட்டிலும் போவதால் 1.7 சதவீதம் போகும், உராய்வுக்கு இன்னும் 2 சதவீதம். 1.38 என்று வைத்துக்கொண்டேன். யார் எப்படிப் போட்டாலும் 1.35-க்கும் 1.45-க்கும் நடுவில்தான் நிற்கும். சி-ஸ்டாருக்கு எரிப்பைக் கணக்கிடும் நாசாவின் சி.இ.ஏ. நிரலை ஓட்டினால், நைட்ரஸ் - பாரஃபின் ஜோடிக்கு ஆக்சிடைசர் எரிபொருளைப் போல ஆறு, ஏழு மடங்கு இருக்கும் இடத்தில் 1600 மீட்டர்/வினாடிக்குப் பக்கத்தில் உச்சம் கிடைக்கும். சின்ன மோட்டாரில் கலப்பு முழுசாக நடக்காது, அதில் 85 முதல் 95 சதவீதம் வரை கிடைத்தால் சரி. 88 என்று போட்டேன், ஆக 1408.

மிச்சம் இருப்பது நிறை ஓட்டம். வம்பு முழுக்க இங்கேதான்.

தண்ணீர் மாதிரியான ஒரு திரவம் துளை வழியே போனால் கணக்கு சுலபம்: வெளியேற்றக் குணகம் × துளைப் பரப்பு × வர்க்கமூலம் (2 × அடர்த்தி × அழுத்த வேறுபாடு). 20 டிகிரியில் நைட்ரஸ் திரவத்தின் அடர்த்தி சுமார் 785 கிலோ/கன மீட்டர். அதன் ஆவி அழுத்தம் 50 பாருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது டாங்கைத் தள்ள ஹீலியமோ நைட்ரஜனோ வேண்டாம், நைட்ரஸ் தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும். வால்வு, குழாய் இழப்பு போக இன்ஜெக்டர் வாசலில் 49.5 பார், எரிகலனில் 24.5 என்றால் வேறுபாடு 25 பார். ஆறு துளையின் பரப்பு 6.79 சதுர மி.மீ.

வெளியேற்றக் குணகத்தை ஊகிக்காமல் தண்ணீர் விட்டே அளந்தேன். இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை: இன்ஜெக்டர் தட்டை ஒரு குழாயின் முனையில் மாட்டி, பின்னால் 4 பார் அழுத்தத்தில் தண்ணீர், கீழே வாளி, கையில் ஸ்டாப்வாட்ச். இழப்பே இல்லாவிட்டால் 30 வினாடியில் 5.76 கிலோ விழ வேண்டும். வாளியைத் தராசில் வைத்தால் 3.75 கிலோ. ஆக 0.65. துளையின் உள்வாசலில் பிசிறு விட்டிருந்தால் இந்த எண் இன்னும் இறங்கும், லேசாகக் குழித்து மழுக்கியிருந்தால் ஏறும், அதனால் அடுத்தவர் அளந்த எண்ணை எடுத்துப் போடுவதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் போட்டால் வினாடிக்கு 0.276 கிலோ ஆக்சிடைசர். இந்த எண்ணோடு அதற்கேற்ற மெழுகின் ஓட்டமும் (அந்தச் சூத்திரம் கீழே வருகிறது), இழப்பே இல்லாத சி-ஸ்டாரும் 1.45 குணகமும் சேர்த்தால் வருவதுதான் அந்த 725 நியூட்டன். அதிலேயே ஒரு முரண் இருக்கிறது. அவ்வளவு நிறை போனால் எரிகலன் அழுத்தம் 24.5-ல் நிற்காது, 37 பாரைத் தாண்டிவிடும், அப்போது இன்ஜெக்டரில் 25 பார் வேறுபாடு ஏது? அழுத்தம் ஏறினால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் அழுத்தம் இறங்கும். ஒரு சுழற்சியில் விட்டு இரண்டும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பப் போட்டால் 32 பாரில் போய் நிற்கிறது. உந்துவிசை 620. சரி, இப்போது கணக்கு தனக்குள் ஒத்துப்போகிறது, ஆனாலும் உண்மை இல்லை, ஏனென்றால் நைட்ரஸ் தண்ணீர் இல்லை.

டாங்கில் இருக்கும் நைட்ரஸ் ஏற்கெனவே கொதிநிலையின் விளிம்பில்தான் நிற்கிறது. துளைக்குள் நுழைந்து அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே கொதிக்க ஆரம்பிக்கும். சோடா பாட்டிலைத் திறந்த கையோடு கவிழ்த்தால் எப்படி நுரையும் திரவமுமாகத் திக்கித் திக்கி வருமோ, அதுதான் 1.2 மில்லிமீட்டர் துளைக்குள் நடக்கிறது. ஆவி இடத்தை அடைத்துக்கொள்வதால் அதே துளையில் குறைவான நிறைதான் போகும். எவ்வளவு குறைவு? கொதித்தல் உடனுக்குடன், முழுச் சமநிலையில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 27,500 கிலோதான் போக முடியும். கொதிக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டால் 62,600. ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது, ஏனென்றால் திரவம் துளையைக் கடக்கிற நேரத்துக்குள் குமிழிகள் முழுசாக வளர்ந்து முடிப்பதில்லை.

டயர் (Dyer) என்ற ஆய்வாளரின் குழு 2007-ல் கொடுத்த கணித மாதிரி இந்த இரண்டு கணக்குகளையும் எடை போட்டுக் கலக்குகிறது. குமிழி வளர எடுக்கும் நேரத்துக்கும் திரவம் துளைக்குள் இருக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தை அழுத்தங்களை வைத்துக் கண்டுபிடித்து, அதன்படி எடை. இன்ஜெக்டர் வாசலில் திரவம் சரியாக ஆவி அழுத்தத்திலேயே இருந்தால் (தானே அழுத்தம் கொடுக்கும் டாங்கில் கிட்டத்தட்ட அப்படித்தான்) அந்த விகிதம் 1 ஆகிவிடும், இரண்டின் நேர் சராசரி எடுத்தால் போதும். இவ்வளவு சிக்கலான ஒரு விஷயம் கடைசியில் கூட்டி இரண்டால் வகுப்பதில் வந்து நிற்பது எனக்கு இன்றும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சமநிலைக் கணக்குக்கு எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஆவி, என்ன என்தால்பி, என்ன என்ட்ரோபி என்பதெல்லாம் வேண்டும், பைத்தானில் கூல்ப்ராப் மென்பொருள் நூலகத்தைக் கூப்பிட்டால் நைட்ரஸுக்கு எல்லாம் கிடைக்கிறது. சராசரி 45,000. வெளியேற்றக் குணகம் 0.65, பரப்பு 6.79. வினாடிக்கு 0.20 கிலோ. திரவக் கணக்கு சொன்னதில் 72 சதவீதம்தான்.

எரிபொருள் பக்கம் இதை ஒப்பிட்டால் நிம்மதி. மெழுகு தேயும் வேகத்துக்கு, நைட்ரஸோடு எரியும் பாரஃபினுக்குப் பரவலாக எடுத்தாளப்படும் சூத்திரம்: 0.155 × (ஆக்சிடைசர் பாயம், அதாவது துளையின் ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்குப் போகும் நிறை) அடுக்கு 0.5, விடை மி.மீ./வினாடியில், பாயம் கிலோ/சதுர மீட்டர்/வினாடியில். 30 மி.மீ. துளையில் 0.20 கிலோ போனால் பாயம் 283, தேயும் வேகம் 2.6 மி.மீ./வினாடி. ஹைப்ரிட்களில் வழக்கமாக எரிபொருளாகும் எச்.டி.பி.பி. ரப்பராக இருந்தால் இதில் பாதிகூட வராது. பாரஃபின் உருகி மேலே ஒரு மெல்லிய திரவப் படலம் உண்டாகி, அதிலிருந்து வாயு ஓட்டம் துளிகளைப் பிய்த்துக்கொண்டு போவதால்தான் இந்த வேகம். அதோடு அந்த 0.5 அடுக்கு செய்யும் உபகாரம் ஒன்று உண்டு. துளை அகல அகல எரியும் பரப்பு கூடுகிறது, பாயம் குறைகிறது. அடுக்கு சரியாக 0.5 என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், துளை 30 மி.மீ.யோ 46 மி.மீ.யோ, ஆக்சிடைசர் மாறாதவரை வினாடிக்கு அதே 31 கிராம் மெழுகுதான். தாளில் கை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

ஆக மொத்த ஓட்டம் 0.231 கிலோ, கலப்பு விகிதம் 6.5, எரிகலன் அழுத்தம் 24.5 பார், உந்துவிசை 1.38 × 1408 × 0.231, அதாவது 449. இதுதான் அந்த 450.

ஆனால் இது முதல் நொடியின் எண். டாங்கில் திரவம் வெளியேற வெளியேற, காலியாகும் இடத்தை நிரப்ப மிச்சத் திரவம் ஆவியாகும், அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிரும், குளிர்ந்தால் ஆவி அழுத்தம் இறங்கும். டாங்கை 0.05 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வெப்பச் சமன்பாடு எழுதி ஓட்டினேன். திரவம் தீரும் நேரத்தில் 38 பாருக்கு வந்துவிடும் என்றது. உந்துவிசை அதன் பின்னாலேயே சரியும். ஹைப்ரிட் மோட்டாரின் சராசரியும் உச்சமும் இவ்வளவு தள்ளி நிற்பது இதனால்தான், யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெயிலும் இதில் பங்குதாரர். அதே டாங்க் 10 டிகிரியில் 40 பார், 30 டிகிரியில் 63 பார். அடர்த்தியோ எதிர்த் திசையில் 856-லிருந்து 688-க்கு இறங்குகிறது. குளிர்ந்த டாங்கில் விளிம்பு வரை நிரப்பிவிட்டு வெயிலில் விட்டால் திரவம் விரிய இடமில்லாமல் அழுத்தம் எங்கோ போய்விடும், அதனால் மேலே ஆவிக்கு இடம் விடுவதும் பாதுகாப்பு வால்வும் பேரமே பேசக்கூடாத விஷயங்கள். நைட்ரஸ் சும்மா ஆக்சிடைசர் மட்டும் இல்லை, தானே வெடித்துச் சிதையக்கூடிய பொருள். 2007-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனத்தில் நடந்த நைட்ரஸ் சோதனை, தீ மூட்டாத வெறும் ஓட்டச் சோதனைதான், அதில் மூன்று பேர் இறந்தார்கள். எண்ணெய், கிரீஸ் பட்ட எதுவும் இந்தக் குழாய்களின் பக்கம் வரக்கூடாது, நிரப்பத் தொடங்கிய பிறகு ஆட்களும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

மேடையைப் பற்றி. மோட்டாரைக் கிடைமட்டமாகத் தண்டவாளத்தில் வைத்து, முன்னால் 100 கிலோ எஸ் வடிவ லோட் செல். 450 நியூட்டன் என்பது 46 கிலோ எடை, ஆரம்பத்தில் ஓர் உதை வரும், அதற்கு இந்த இடைவெளி போதும். லோட் செல்லைப் படிக்க எல்லாரும் வாங்குகிற எச்.எக்ஸ்.711 மின்னணுப் பலகை வினாடிக்கு 10 அல்லது 80 மாதிரிகள்தான் எடுக்கும், 80-ல் வைத்தேன். மொத்த உந்தத்தை (உந்துவிசையை நேரத்தோடு பெருக்கிக் கூட்டியது) கணக்கிட இது தாராளம். எரிப்பு அதிர்வைப் பார்க்கப் போதாது, அதற்கு அழுத்தமானியின் அளவீட்டைத் தனியாக வேகமான பலகையில் எடுக்க வேண்டும்.

லோட் செல்லைப் பொறுத்தவரை பலரும் விட்டுவிடும் ஒன்று, நைட்ரஸ் வரும் பின்னல் குழாய். வெறும் குழாயாக இருக்கும்போது கையால் வளைக்கலாம், உள்ளே 50 பார் ஏறியதும் கம்பி போல விறைத்துக்கொள்ளும், மோட்டாரின் ஒரு பங்கு விசையைத் தானே தாங்கிக்கொண்டு லோட் செல்லுக்குக் காட்டாது. அதனால் குழாயை நைட்ரஜனால் 50 பாருக்கு ஏற்றிவிட்டு, தண்டவாளத்தின் முனையில் கப்பி போட்டு 20 கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எடை இல்லாமலே 14 நியூட்டன் காட்டியது. அதைப் பூஜ்யமாக்கிவிட்டு எடையை விட்டால் 196-க்குப் பதில் 188. நாலு சதவீதம் குழாயிலேயே போகிறது. கீழே வரும் எண்களெல்லாம் இதைத் திருத்தியவை. டாங்கைத் தனியாக இன்னொரு லோட் செல்லில் தொங்கவிட்டேன், ஆக்சிடைசர் ஓட்டத்தை அதன் சரிவிலிருந்து எடுக்க. அந்த வரைகோடு ஆட்டமாகத்தான் வரும், ஒரு வினாடி நீளத்துக்கு நேர்கோடு பொருத்தினால் அடங்கிவிடும்.

எரித்ததில் தொடக்க உதை அடங்கியதும் 425 நியூட்டன், எரிகலன் 23.2 பார். அங்கிருந்து சீராகச் சரிந்து 4.8 வினாடியில் 325. அப்புறம் வரைபடத்தில் படி இறங்கியதுபோல ஒரு வீழ்ச்சி, திரவம் தீர்ந்து வெறும் ஆவி வருகிறது என்று அர்த்தம், இன்னும் ஒன்றரை வினாடியில் வால்வை மூடியாயிற்று. வளைவின் கீழ்ப் பரப்பு, அதாவது மொத்த உந்தம், சுமார் 1900 நியூட்டன்-வினாடி. மொத்த உந்தத்தை வைத்து மோட்டார்களை எழுத்து வகுப்புகளாகப் பிரிப்பதில், கே வகுப்பு மோட்டார் என்பது 1280-லிருந்து 2560 வரை, ஆக நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. கிரெய்ன் 200 கிராமில் 158 போயிருந்தது, மிஞ்சியது 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு மெழுகு வளையம்.

இப்போது பெருக்கலில் இருந்த மூன்று எண்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம், ஒற்றை உந்துவிசை எண்ணை மட்டும் ஒப்பிட்டால் எது தள்ளியிருக்கிறது என்று தெரியாது. 425-ஐ அழுத்தத்தாலும் கழுத்துப் பரப்பாலும் வகுத்தால் 1.38. நாசில் சொன்னபடி நடந்திருக்கிறது. டாங்கின் சரிவு முதல் வினாடியில் 0.195 கிலோ/வினாடி என்றது, கணக்கு 0.20. டயர் மாதிரி இரண்டரை சதவீதத்துக்குள் வந்தது என் எதிர்பார்ப்புக்கு மேலேதான், துளைகளின் நீளம் வேறாக இருந்தால் இவ்வளவு ஒட்டும் என்று யாருக்கும் உறுதி தரமாட்டேன். மெழுகின் ஓட்டம் 0.030 என்று வைத்தால் மொத்தம் 0.225, சி-ஸ்டார் 1368, அதாவது 1600-ல் 85.5 சதவீதம். நான் போட்டது 88. குறைந்த 25 நியூட்டனில் பாதிக்கு மேல் இந்த எரிப்புத் திறனில் போனது, மீதி ஓட்டத்தில். கிரெய்னுக்குப் பின்னால் வாயு கலக்க விட்ட அறை 30 மி.மீ.தான், அதை 50 ஆக நீட்டினால் இரண்டு சதவீதமாவது திரும்ப வரலாம், ஆனால் காப்புச் சுவரின் எடையும் கூடும், தரை மோட்டாருக்கு அது பரவாயில்லை.

கழுத்தை காலிப்பர் வைத்து அளந்தால் 13.2 மி.மீ. கிராஃபைட் ஒரு தடவையில் 0.2 மி.மீ. தேய்ந்திருக்கிறது, பரப்பில் மூன்று சதவீதம். அடுத்த கணக்கில் இந்தப் பரப்புதான் போகும்.

அடுத்த எரிப்புக்கு இன்ஜெக்டரில் அதே 1.2 மி.மீ.யில் ஏழாவது துளை ஒன்று நடுவில். ஆக்சிடைசர் 0.22-ஐத் தாண்டும், மெழுகு அதன் வர்க்கமூலத்தில்தான் கூடும் என்பதால் கலப்பு விகிதம் 7-க்குப் பக்கத்தில் போகும், சி-ஸ்டார் வளைவு அங்கே தட்டையாகத்தான் இருக்கிறது. எரிகலன் 26 பாருக்குக் கொஞ்சம் கீழே. இன்ஜெக்டரில் இன்னும் 23 பாருக்கு மேல் மிச்சம், ஓட்டம் முன்னும் பின்னும் ஊசலாடாமல் இருக்க எரிகலன் அழுத்தத்தில் 20 சதவீதமாவது அங்கே விழ வேண்டும், அதற்கு இது எவ்வளவோ அதிகம். சி-ஸ்டாருக்கு 88 வேண்டாம், அளந்த 85.5-ஐயே போட்டேன். தொடக்க உந்துவிசை 480 நியூட்டன் என்று மேடையின் சுவரில் எழுதி ஒட்டியாயிற்று.